பாட்டு முடிந்தால் நிற்கும்

'பிறகு' என்ற பொத்தானைப் பதினோரு தடவை அழுத்தினேன்.
பன்னிரண்டாம் தடவை அது கேட்கவேயில்லை.
ராத்திரி சிலிம் ரிவரில் அடைமழை,
மேசைமேல் மடிக்கணினி விழித்திருந்து
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.

காலையில் திறந்தால்
பச்சையாக இருந்த திரை கறுப்பு.
அதை விடுங்கள், கண்ணுக்குப் பழகிவிடும்.
இருபத்திரண்டு வருஷமாய் நான் பேர் வைத்த கோப்புகள்,
'மாப்பிள்ளை எறங்குறார்',
'மாலை மாத்த, அவசரம்னா சின்னது',
'சாப்பாடு மெதுவா',
'தீமிதி ரெண்டாம் ரவுண்டு',
'பொணம் தூக்க முன்னாடி',
எல்லாம் ஒரே தலைப்பின்கீழ் வரிசை கலைந்து கிடக்கின்றன:
கலைஞர் பெயர் தெரியவில்லை.

தெரியாதா?
'சாப்பாடு மெதுவா' வாசித்தவர்
பீடோரில் டயர்க்கடை வைத்திருக்கிறார்.
போன மாசம்கூட என் வேனுக்கு ஒட்டுப் போட்டார்.

எட்டு மணிக்கு வேலாண்டி வீடு.
செம்பனைக்குலை லாரி ஓட்டியவர்,
முப்பது வருஷம் ஹாரனைத் தொடாதவர் என்று சொன்னார்கள்.
தாமான் வீட்டு வாசலில் நீலக் கூடாரம்,
மில் தவுக்கே அனுப்பிய மலர்வளையம்,
நாற்காலிக்கடியில் ஆறிப்போன கோப்பி.
தவமலர் அக்கா ஒன்றுதான் கேட்டார்:
"அவருக்குப் புடிச்ச பாட்டு, ஒரே ஒருவாட்டி.
அப்புறம் ஒண்ணும் வேணாம் தம்பி."

அப்புறம் ஒண்ணும் வேணாம்.
என் தொழிலே அதுதான்.
பாட்டை யார் வேண்டுமானாலும் போடலாம்,
முடிந்து நிற்கிறதே ஓர் இடம்,
அதற்குத்தான் எனக்குக் கூலி.
அதில்தான் ஐயர் தொண்டையைச் செருமுவார்,
அதில்தான் நாலு பேர் குனிவார்கள்.
பழைய பிளேயருக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லமாட்டேன்.
அதற்கு ஒன்றும் தெரியாது. முடிந்தால் நிற்கும்.
அந்த அறிவு போதுமாயிருந்தது.

பாட்டு கடைசி அடிக்கு வந்தது.
நாலு பேர் குனிந்தார்கள்.
அடி முடியுமுன்னே அதற்குக் கீழிருந்து
ஒரு மேளம் கசிந்தது,
பன்னிரண்டு விநாடி இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று,
அப்புறம் முழுசாய், இரண்டு ஸ்பீக்கரிலும்,
மாப்பிள்ளை இறங்கினார்.

பாய்ந்தேன்.
நிறுத்தும் பொத்தான் இருந்த இடத்தில்
இப்போது ஓர் இதயம் இருக்கிறது.
அழுத்திவிட்டேன்.
'உங்களுக்குப் பிடித்தவையில் சேர்த்தாயிற்று' என்றது.

வயரைப் பிடுங்க ஒன்பது விநாடி ஆகியிருக்கும்.
அதற்குள் தூக்கிவிட்டார்கள்.
நாலு பேர் காலும் தாளத்தில் விழுந்து
மழையில் பாசி பிடித்த படியில்
ஒருவர்கூட வழுக்கவில்லை.
தவமலர் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.
திட்டப்போகிறவரின் பார்வை இல்லை அது.
வேறென்ன என்று
வேனில் வயரைச் சுருட்டும்போதும் புரியவில்லை.

சாயங்காலம் மகன் லிங்கேஸ் பணத்தை எண்ணினான்.
"அம்பது வெள்ளி கொறைச்சிருக்கேன் அண்ணே,
அந்த நாதஸ்வரத்துக்கு."
நியாயந்தான் லா, என்றேன்.

ராத்திரி அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
ஒன்றைத் திறந்தால் இன்னொன்று,
ஆறாவது பக்கத்தின் அடியில் 'தடையற்ற இசை'.
என் பேரில் யாரோ சரி என்று சொல்லியிருந்தார்கள்.
அணைத்தேன்.
வேலாண்டியின் பாட்டைப் போட்டேன்.
முடிந்தது. நின்றது.
கால்வாயில் தவளைகள்,
தஞ்சோங் மாலிம் பக்கம் போகும் குலைலாரி ஒன்று,
ஹாரன் இல்லாமல்.

திரையில் ஒரு கட்டம் எழும்பியது:
அணைத்ததற்குக் காரணம்?
சலிப்பு. இணையம் மெதுவு. பாடல்கள் பிடிக்கவில்லை.
கடைசியில் 'மற்றவை', நூறு எழுத்துக்குள்.
இரண்டு விரலால் தட்டினேன்:
பொணம் தூக்கணும்.

நன்றி, என்றது.
அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம்.