வெட்டு உத்தரவு

கரும்பு பூத்துவிட்டால்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம்.
பூத்த கரும்பில் சாறு இறங்கிவிடும்,
நடுவில் நெட்டி விழும்,
எடைமேடையில் முள் ஏறாது.
ஆலையின் வெட்டு உத்தரவுக்கு முன்னால்
ஒரு வயல் வெள்ளையாகிவிட்டதென்றால்
அந்த வீட்டில் கல்யாணம் தள்ளிப்போகிறதென்று அர்த்தம்.
தங்கை செல்வராணிக்கு
இரண்டு தடவை தள்ளிப்போனது.

மூன்று வருஷம் உத்தரவு தாமதமாக வந்தது.
நாலாம் வருஷம்
ஆலையே இல்லை.

இப்போது அலங்காநல்லூர் ரோட்டில்
பெங்களூர்க் கார்கள் வேகம் குறைத்து
என் பலகையைப் படிக்கின்றன.
மஞ்சுவிரட்டுக்கு இரண்டு நாள் கூட்டம்.
மற்ற நாளுக்குப் பூதான்.
"பூத்திருக்கா?" என்பதே போனில் முதல் கேள்வி.
பூத்திருக்கிறது என்கிறேன்.
சொல்லும்போது குரல்
கேதம் சொல்கிற மாதிரி கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.
அந்தப் பக்கம் கைதட்டுகிறார்கள்.

வரப்பில் ஒரு பெண்
வெள்ளிப் பூவைக் கன்னத்தில் சாய்த்துப் படமெடுக்கிறாள்.
சோகை இழுத்து முழங்கையில் கோடு விழுந்ததும்
"விஷமா?" என்கிறாள்.
இல்லம்மா, கரும்புதான்.
அவள் பிள்ளைக்குச் சாறு வேண்டுமாம்.
அதற்கென்று
மேலூர்க் கரும்பு ஒரு கட்டு
வாங்கி வைத்திருக்கிறேன்.

வாசலில் ஒரு பெட்டி.
பணம் விழுந்ததும் அதுவே
தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி தொகை சொல்லும்.
ஆலை தரவேண்டிய நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தையும்
அந்தக் குரலில் ஒருநாள் கேட்டுவிடலாமென்று
தம்பி மாயாண்டி கேலி பேசுவான்.
ஆலைக்கு அப்போது பெட்டி இல்லை.
எங்களுக்குச் சத்தம் இல்லை.

படுக்கை விரிப்புகளைத் துவைக்க ஒச்சம்மாள் வருகிறாள்.
இதே வயலில்
டன் கணக்குக்கு அரிவாள் வீசியவள்.
"வெட்டுல இருந்தப்ப கைரேகை தேஞ்சு
ரேசன் கடை மிசினு என்னைய யாருன்னு கேட்டுச்சு.
இப்பச் சோப்புல தேயுது.
இன்னமும் கேக்குது."
சிரித்துக்கொண்டே பிழிகிறாள்.
விரிப்பிலிருந்து இறங்கும் தண்ணீர்
கரும்புக்குத்தான் போகிறது.

குறை சொல்லவில்லை.
போன தீபாவளிக்குக் கடனில்லாமல் துணி எடுத்தோம்.
ஆனாலும் ராத்திரி
விருந்தாளிகள் விளக்கணைத்த பிறகு
பூக்கள் மட்டும் நிலாவில் ஆடும்போது
உள்ளங்கை வேர்க்கிறது,
எடைமேடையில் நிற்கிற மாதிரி.

பூ உதிர்ந்தால் கார் வராது.
அதற்குள் வெட்டினால்தான் மறுதாம்பு துளிர்க்கும்,
அடுத்த வருஷமும் பூக்கும்.
மாசி பதினெட்டோடு அறைகள் காலி.
வயல் எண், தேதி,
ஆள் எத்தனை என்று
நாட்காட்டியில் எழுதினேன்.
பழக்கத்தில் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.
பார்த்தால்
அந்த ஆலைக் குமாஸ்தாவின் எழுத்து மாதிரியே
வலது பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஒச்சம்மாளிடம் கேட்க வேண்டும்,
அரிவாள் வைத்திருக்கிறாளா
விற்றுவிட்டாளா என்று.