இடது முன்கால்

வெள்ளிக்கிழமை மாலை, ஆறே கால்.
மணலைத் துடைக்கத் துண்டோடு குனிந்தவன்
மணிக்கட்டுக்குச் சற்று மேலே நின்றுவிட்டேன்.
நேற்று இது இல்லை.
நேற்று இருந்திருக்குமோ?
நேற்று நான் துடைக்கவில்லை, மழை துடைத்தது.

பட்டாணியளவு என்றேன் நெஸ்ஸாவிடம்.
அவள் விரல் வைத்துப் பார்த்து
"பெரிய பட்டாணி" என்றாள்.
கோட்டை மாட்டிக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்பினாள்.

தொலைபேசியில் ஒரு பெண்குரல்:
நொண்டுகிறாளா?
இல்லை.
சாப்பிடுகிறாளா?
என் சாப்பாட்டையும் சேர்த்து.
அப்படியானால் திங்கள், ஒன்பது பத்து.
அவசரம் என்று சொல்ல
ஒரு பொய்கூட வாய்க்கவில்லை எனக்கு.

கிரேஹவுண்டின் காலில் ஒளித்துவைக்க இடமில்லை.
எலும்பு, அதன்மேல் காகிதம்போல் ஒரு தோல்.
நரம்பெல்லாம் வெளியே ஓடும்.
எறும்பு கடித்தாலும் தெருவுக்கே தெரியும்.

இந்தக் காலை எத்தனை பேர் அமுக்கிப் பார்த்திருப்பார்கள்!
டிப்பரெரியில் ஏதோ ஒரு கொட்டகையில்
சிகரெட் பிடித்த கைகள்,
விலை பேசும் முன், விலை குறைக்கும் முன்.
அப்போது அவள் பெயர் கில்பிரேக் கோமகள்.
முப்பத்தொரு ஓட்டம், நாலு வெற்றி.
மிச்சம், இரண்டு காதுக்குள்ளும் பச்சை எழுத்து.
இந்த டிரமோருக்கு வந்த மூன்றாம் நாள்
மாலக்கியின் தோட்டத்தில் ஒரு டர்னிப்பைப் பிடுங்கிவந்து
என் செருப்பின் மேல் வைத்தாள்.
அதோடு பெயர் மாறிற்று.

சனிக்கிழமை ஏழு முறை தொட்டேன்.
வலது காலையும் தொட்டேன், சாட்சிக்கு அழைப்பதுபோல.
வலது கால் ஒன்றும் சொல்லவில்லை.
நகர்கிறது.
நகர்வது அதுவா, தோலா?
காலையில் கெட்டி என்று தோன்றியது
மதியம் மெத்தென்றிருந்தது.
விரலை நம்பாமல் பேனாவால் சுற்றி வட்டம் போட்டேன்.
நக்கி அழித்துவிட்டாள்.

மாலக்கி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
"கொழுப்புக் கட்டியாயிருக்கும், ஃபின்டன்" என்றார்.
கேட்டு முடிக்கும் முன்பே சொன்னார்.
அவர் பார்த்தது டர்னிப்பின் காலை அல்ல, வாசல் கதவை.
அவருடைய கறுப்பு நாய்
மூன்று காலோடு பதினோரு மாதம்
அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது.
எலும்பில் தொடங்கும் அந்த நோயின் பெயரை
அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
வானிலை பற்றிப் பேசினோம்.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் கூச்சலிடும் பள்ளிப் பேருந்தில்
ஒரு சத்தம் பிசகினால் எனக்குத் தெரியும்,
எந்தச் சக்கரம் என்றே சொல்லிவிடுவேன்.
இவள் நடந்தால் சத்தமே இல்லை.

ஞாயிறு, கடற்கரை.
அலை இறங்கிய ஈர மணலில் அவள் தடங்களுக்குப் பின்னால் போனேன்,
இடது, வலது, இடது,
எது ஆழம், எது மேலோட்டம் என்று
வட்டி கணக்குப் பார்ப்பவன் மாதிரி.
அவள் ஒரு கடற்காகத்தைப் பார்த்து இழுத்தாள்.
என் தோள்பட்டை கழன்றது.
அந்த வலி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

திங்கள்.
டாக்டர் டெவரூவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.
படம் எடுத்தார்.
எலும்பு சுத்தமாகத்தான் தெரிகிறது, இருந்தாலும்
ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்பிவிடலாம் என்றார்.
ஊசி இறங்கியபோது
டர்னிப் அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து நாளாகும்.

"சுத்தம்" என்ற சொல்லைத்தான் நெஸ்ஸாவிடம் முதலில் சொன்னேன்.
"இருந்தாலும்" என் சட்டைப்பையிலேயே இருக்கிறது,
கட்டணச் சீட்டோடு மடிந்து.

இப்போது சோபா முழுக்க அவள்தான்.
கண் பாதி திறந்தபடி தூக்கம்.
எதையோ துரத்துகிறாள்,
நாலு காலும் துடிக்கின்றன,
நாலும் ஒரே வேகத்தில்.
பாதத்தில் மணல் ஒட்டியிருக்கிறது.
கை துண்டுவரை போய்
நிற்கிறது.
காய்ந்த மணல்தானே,
தானாக உதிரட்டும்.