இருநூற்று நாற்பத்தொன்பது

வெள்ளி இரவு ஒன்பதரைக்குக்
கடைசி எழுத்தையும் ஒட்டி முடித்தோம்
கண்காட்சிக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில்,
முழங்கால் மரத்துப்போய்.
செம்பழுப்பும் பொன்மஞ்சளும் எங்கள் நிறம்.
நகரத்துக் கடையில் செம்பழுப்புத் தாள் தீர்ந்து
பாதிக்கு மேல் ரோஜா நிறம்தான் வந்தது.
"தூரத்திலிருந்து தெரியாது" என்றாள் மார்கிட் ஷோல்ட்ஸ்.
தெரிந்தது.

டேல் நீபோன்
250 ஆட்டம்
ஒரு கோல்கூட இல்லை
நன்றி, டேல்

மூன்றாவது வரி என்னுடையது.
பதினாறு வருடம்
சொந்தக் கோல் கம்பங்களுக்கு முதுகைக் காட்டி நின்றவனை
வேறெப்படிப் புகழ்வது?

அப்போதுதான் கிளெம் வந்தான்,
கக்கத்தில் பழைய ஸ்கோர் புத்தகங்கள்.
முகமே சரியில்லை.
ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை:
பட்டியலில் பெயர் இருக்கிறது,
பக்கத்தில் பென்சிலில், நகக்கீறல்போல,
'ஆடவில்லை'.
"இருநூற்று நாற்பத்தொன்பதுதான்" என்றான்,
ஏதோ சாவுச் சேதி சொல்வதுபோல.

ஐம்பதை நாற்பத்தொன்பதாக்கத் தாள் இல்லை.
டேப்பும் இல்லை.
"கிளெம், இந்தப் புத்தகத்தைத்
திங்கட்கிழமை படித்திருக்கலாமே நீ"
என்றாள் மார்கிட்.

டேலுக்குப் போன் போட்டோம்.
பின்னால் ஆட்டுக்குட்டிகள் கத்தின.
"தெரியுமே. அன்றைக்குத்தான் வின்னி பிறந்தாள்.
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் செருப்பு,
ஆஸ்பத்திரிக்கு நூற்றிருபது கிலோமீட்டர்."
ஏன் சொல்லவில்லை?
"யாரும் கேட்கவில்லையே."

சனி, இரண்டு மணி.
தானியக் குதிர்களின் பக்கமிருந்து வடகாற்று.
கம்புக்கு மூன்று பேர்; இடது கம்பில் நான்.
பேனர் பிள்ளைத்தாச்சி வயிறுபோல் புடைத்து
எங்களை இழுத்துக்கொண்டு
நடுவர் அறைவரைக்கும் போய்வந்தது.

உடைமாற்றும் அறையிலிருந்து டேல் வந்தான்,
தோளில் வின்னி.
இறக்கிவிட்டான்.
"விட்டுப்போன ஆட்டம் இவளுடையது.
முதலில் இவள்."

ஓடினாள்.
நாங்கள் டேப்பைக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருந்தோம்.
பூஜ்யத்தின் அடியில் மோதி,
பந்துபோல் திரும்பி வந்து,
ஈரப் புல்லில் உட்கார்ந்தாள்.
வேலியோரம் நின்ற கார்களெல்லாம்,
எதிரணிக் கார்களும்தான்,
ஹாரன் அடித்துச் சிரித்தன.

அழவில்லை.
எழுந்து பூஜ்யத்தை ஒருதரம் பார்த்தாள்.
ரப்பர் பூட்ஸால் ஓங்கி ஓர் உதை.
கால் உள்ளே போனது, வெளியே வரவில்லை.
ஒற்றைக் காலில் நொண்டியபடி அவள்,
ஒற்றை ஓட்டையில் நுழைந்தபடி காற்று.

பிறகு எங்கள் கையில் எதுவும் இல்லை.
'2' ஸ்கோர் பலகைக்குப் பறந்தது.
'நன்றி' பை விற்கும் கொட்டகையில்
யாரோ ஒருவரின் சாஸில் இறங்கியது.
இரண்டு கம்பும் ஒரு கயிறும் பிடித்து நின்றோம்.
நடுவே, இல்லாத தாளுக்குள்,
இருபத்திரண்டு ஆண்கள்
தலையைக் குனிந்து தோளைக் கொடுத்து ஓடினார்கள்.
பழக்கம்.

அறுபத்தொரு புள்ளியில் தோற்றோம்.
கடைசிக் கால்பகுதியில் கோச்
டேலை முன்வரிசைக்கு அனுப்பினார்.
பந்தும் வந்தது.
இருபது மீட்டர், நேர் எதிரே.
மைதானமே மூச்சைப் பிடித்தது,
நானும்தான், வேறு காரணத்துக்காக.
கம்பத்தில் பட்டது.
என் மூன்றாவது வரி பிழைத்தது.

திங்கட்கிழமை,
தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் என் விரல்கள்
இன்னும் ரோஜா நிறம்.
நீபோன் வீட்டு மின்கட்டண உறையில்
ஒரு கைரேகை விழுந்துவிட்டது.
அப்படியே பைக்குள் போட்டேன்.

கிளெம் எட்டிப் பார்த்தான்:
வருகிற சனிதான் அசல் இருநூற்றைம்பது.
வெளியூர் ஆட்டம்.
மழை என்கிறார்கள்.

மார்கிட் ஏற்கெனவே கடைக்குப் போன் போட்டுவிட்டாள்.
செம்பழுப்பு வந்துவிட்டதாம்.