வியாழன், ஆறிலிருந்து எட்டு

பீல் நகரில் நவம்பர்ப் புகார் இறங்கிவிட்டால்
ஏரி இருந்த இடத்தில் ஓர் ஊகம்தான் இருக்கும்.
நாலு மாடிக்குக் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில்
நான் வெப்பமண்டலம் செய்துகொண்டிருக்கிறேன்.

உலர்த்தும் இயந்திரத்தின் கதவு பாதி திறந்தபடி.
ஜன்னல் இறுக்கி மூடியபடி.
உருளையில் பூட்டிய சைக்கிள், அதன்மேல் நான்:
நாற்பத்தேழு வயது,
பகலில் கடிகாரத் தொழிற்சாலையில்
மயிரிலும் மெல்லிய வில்லுகளைச்
சாமணத்தால் தூக்கி வைப்பவள்.
சுவரில் வெப்பமானி முப்பத்தொன்று,
ஈரப்பதம் எண்பது.
மே மாதத்தில் அங்கே இவ்வளவு இராது என்றாள் இவெட்.
பரவாயில்லை, மிச்சம் பிடித்து வைக்கிறேன்.

மயிடோ.
ரெயூனியன் தீவின் கடற்கரையில் கிளம்பி
இரண்டாயிரத்துச் சொச்சம் மீற்றரில் தார் முடிகிறது.
அதற்கப்பால் விளிம்பு, பள்ளம், ஆகாயம்.
மூச்சுவிட ஓர் இறக்கம் இருக்குமா என்று
வரைபடத்தை இரவெல்லாம் தடவிப் பார்த்தேன்.

இவெட் முத்துசாமி அந்தத் தீவுக்காரி,
எனக்குப் பக்கத்து மேசை.
தன் பெயரை அவள் பிரெஞ்சில் உருட்டிவிடுவாள்.
நான் சொல்லிக் காட்டியபோது சிரித்தாள்:
'அது வேறு யாரோ போல இருக்கு.'
இருக்கலாம்.
அதற்குமேல் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.
பல்சக்கரங்களைப் பற்றிக் கதைத்தோம்.

முன்னுக்கு முப்பத்துநாலு, பின்னுக்கும் முப்பத்துநாலு.
கால் ஒரு சுற்று, சில்லு ஒரு சுற்று.
கடனும் இல்லை, வட்டியும் இல்லை.
'இன்னும் இலேசாக ஒன்று வேணும் உனக்கு.'
'அதைவிட இலேசென்றால் நடை.'
'நடந்தாலும் மலைதானே.'
நான் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே
கடையில் முப்பத்தாறு பல் விலை கேட்டேன்.

நாலரைக்குப் புறப்பாடு.
பத்து மணிக்கு முகில் வந்து உச்சியை மூடிவிடுமாம்.
காசு கட்டிப் பறந்துபோய்
பீலின் புகாரையே பார்த்துவரவா?
கரும்புத் தோட்டம் முடியும்வரை பேசலாம்.
ல கியோம் தேவாலயம் தாண்டினால் பேச்சில்லை.
ஜெரேனியம் மணத்தால் பாதிக்குமேல் வந்தாயிற்று.
பிறகு ஒரு காடு. புளி என்றுதான் பெயர்,
ஆனால் புளியமரம் இல்லையாம்;
குழம்புக்கு ஆகாது, நிழலுக்கு ஆகும்.

ஏறுவதற்கு ஆறு மாதம்.
இறங்குவதற்கு ஒரு சோடி பிரேக் கட்டை;
அதைத்தான் முதலில் வாங்கினேன்.

எல்லாவற்றையும் ஒரே நீளக் கடதாசியில் ஒட்டி
தோய்ப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.
பச்சை மை: தண்ணீர் குடி.
நீல மை: வாழைப்பழம், பசிக்காவிட்டாலும்.
சிவப்பு மை: வாயை மூடிக்கொண்டு மிதி.

மூன்றாம் வியாழன் திருமதி ஸ்பிண்டன் வந்தார்,
இடுப்பில் கூடை, உதட்டில் கட்டட விதிகள்.
என்னைப் பார்த்தார்.
எனக்குக் கீழே தேங்கிய வியர்வையைப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கடதாசியை அடியிலிருந்து வாசித்தார்.
விரலால் ஏறினார். கரும்பு, தேவாலயம், ஜெரேனியம்.
கோடு சுவராக நிமிரும் இடத்தில் விரல் நின்றது.
'இங்கே ஏன் ஒன்றும் எழுதவில்லை?'

'அங்கே எழுத ஒன்றுமில்லை.'

அவர் ம் என்றார். பிறகு
ஈர விரிப்புகளை என்னைச் சுற்றிக் கொடியில் போட்டார்,
ஒவ்வொன்றாய், மூலை பார்த்து, அவசரமின்றி.
'உங்களுக்கு ஈரம் கூடும்.
அல்லது என் விரிப்பு காயும்.
இரண்டில் ஒன்று.'

கதவு சாத்திய சத்தம்.
எண்பத்தேழு.
நாலு பக்கமும் வெள்ளை.
சுவர் தெரியவில்லை, கடதாசி தெரியவில்லை,
பச்சையும் சிவப்பும் எந்தப் பக்கமென்று தெரியவில்லை.
எட்டாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.