பேஸுக்கு ஆளில்லை

கூடலூரிலிருந்து விடியும்முன் கிளம்பினோம்:
இருபத்திமூன்று பிள்ளைகள், ஆறு எலுமிச்சம்பழம்,
துண்டில் சுற்றிய ஆர்மோனியம்.
ஊட்டி தாண்டிக் கோத்தகிரிக்கு இறங்குவதற்குள்
எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது.

மலைப்பள்ளிகளின் சேர்ந்திசைச் சந்திப்பு என்று
வாசலில் கட்டிய துணியில்
'சேர்ந்' வரைக்கும்தான் தெரிந்தது.
மீதி மூடுபனிக்குள்.
பத்து மணித் தொடக்கவிழா பன்னிரண்டுக்குத் தொடங்கியது.
தலைமை விருந்தினரின் காருக்கும் அரங்கத்துக்கும் நடுவே
இரண்டு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தன.
அவற்றை யாரும் அவசரப்படுத்தவில்லை.

மதிய ஒத்திகையில்
சுகிர்தன் குரல் மூன்றாம் வரியில் உடைந்தது.
போன மாதம்வரை எங்கள் ஆல்ட்டோவே அவன்தான்.
இப்போது தண்ணீர் வராத குழாயின் இருமல்,
பிறகு வெறும் காற்று,
பிறகு பக்கத்து அறையில் யாரோ மேசை இழுப்பதுபோல் ஒன்று.
அருகில் போய், யாருக்கும் கேட்காமல் சொன்னேன்:
"நாளைக்கு வாயை மட்டும் அசை."
"சரி டீச்சர்" என்றான்.
அந்தச் 'சரி'யே இரண்டு சுருதியில் வந்தது.

இரவு, பிள்ளைகள் மார்பில் தைலம் பூசிப் படுத்தபின்
விடுதிச் சமையலறை அடுப்பைச் சுற்றி
நாங்கள் எட்டுப் பேர், எட்டுப் பள்ளிகள்.
வர்க்கி, சுக்குக் காப்பி.
ஒத்திகைக்கு அறை தராததால்
சைக்கிள் கொட்டகையில் பாடவைப்பதைச் சொன்னார் கொடைக்கானல் ஹெப்சிபா.
(மழை வந்தால் தகரம்தான் சொப்ரானோவாம்.)
பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார்
டெனர்களைக் கடத்திப் போவதைச் சொன்னார் கேத்தி பெள்ளிராஜ்.
எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது.
வர்க்கியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

நாமே ஒன்று பாடினால் என்ன என்றது யாரோ.
பெள்ளிராஜ் பையில் ஒரு தாள்,
படுகத் தாலாட்டு ஒன்றை நான்கு குரலாகப் பிரித்து,
அடித்து, திருத்தி, மறுபடி அடித்து.
சுருதிக்கவையை முழங்காலில் தட்டினார்.
எட்டுப் பேரும் மூச்சிழுத்தோம்.
எட்டு வலக்கையும் மேலே போனது.

ஒரு சத்தமில்லை.
ஒவ்வொருவரும்
மற்ற ஏழு பேர் தொடங்கக் காத்திருந்தோம்.

சிரித்து முடிக்க வெகுநேரமானது.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு மறுபடி தொடங்கினோம்.
பாடத்தான் செய்தோம். ஆனால் பேஸுக்கு ஆளில்லை.
அடியில்லாத குடத்தில் ஊற்றியதுபோல்
ஒழுகிக்கொண்டே போனது தாலாட்டு.
ஞானசிகாமணி மூன்றாம் வரியில் தொலைந்தார்,
நான் இரண்டாவதிலேயே.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சுகிர்தன்.
சின்னவன் நிக்சனுக்கு இருமல், வெந்நீர் வேண்டும்.
பாத்திரத்தை ஏற்றிவிட்டுச் சுவரோரம் நின்றான்.
அவனை யாரென்று அறியாத பெள்ளிராஜ்
தாளின் கடைசி வரியில் விரல் வைத்து நீட்டினார்:
"தம்பி, இதைக் கொஞ்சம் பிடி."

அவன் என்னைப் பார்த்தான்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.

கீழே எங்கிருந்தோ வந்தது.
சுத்தமில்லை, மயிரிழை சரிவு,
இரண்டு இடத்தில் ஓட்டை.
ஆனாலும் தரை.
எட்டுப் பேரும் அதன்மேல் கால் ஊன்றிக்கொண்டோம்.

தண்ணீர் தளதளத்தது.
பாட்டு முடியவில்லை.
"ஆறிடும் டீச்சர்" என்று
பாட்டிலை மப்ளரில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.
மீதியைப் பேஸ் இல்லாமல் முடித்தோம்.

காலையில் அவனிடம் பேச நினைத்திருந்தேன்.
மெர்சியின் ஒரு ஷூவைக் காணோம்,
ஆர்மோனியத்தில் ஈரம், கட்டை ஒன்று எழவில்லை,
அதற்குள் எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பின்வரிசை, இடது ஓரம், அவன்.
கையை உயர்த்துகிறேன். இருபத்திமூன்று வாய்கள் திறக்கின்றன.
வாயைப் பார்த்து எதுவும் தெரியவில்லை.
ஜன்னல் வழியாக வந்த மூடுபனி
முதல் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது.
கை தன்பாட்டுக்கு நான்கு நான்காக எண்ண
மூன்றாம் வரி வருகிறது.

எங்கோ யாரோ மேசை இழுக்கிறார்கள்.
இடக்கையை
அந்த ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன்.