வேர் கையில் இருக்கும்போது

நேற்றிரவே தண்ணீர் ஊற்றிவிட்டேன்.
காய்ந்த மண் உதிரும், சேறு வழியும்.
இரண்டுக்கும் நடுவில்
பிடிகொழுக்கட்டைபோல் விரல்தடம் நிற்கிற ஈரம் ஒன்று உண்டு.
அதற்குக் காத்திருந்து
சனிக்கிழமை மாலை, வெயில்
எதிர்த் தொகுதியின் முதுகுக்குப் பின்னால் இறங்கியதும்
பதினோராம் மாடி நடைவழியில்
நாளிதழ் விரித்து உட்கார்ந்தேன்.

ஏழு கன்று, ஏழு கோப்பிக் குவளை.
தேக்காவில் இரண்டு வெள்ளிக்கு வாங்கிய
புளிச்சைக்கீரை விதை.
முதல் இலை வட்டமாகத்தான் வரும்,
பாலர்பள்ளிப் பிள்ளை வரைந்ததுபோல.
அப்புறம்தான் விரல் பிரியும்.
மூன்று, ஐந்து,
ஓரமெல்லாம் ரம்பப் பல்.

பல் மருத்துவரிடம் உதவியாள் நான்.
நாளெல்லாம் வேர் பிடுங்குவதை
உறிஞ்சுகுழாயுடன் பக்கத்தில் நின்று பார்க்கிறவள்.
ஆட்டி, அசைத்து, வலமும் இடமும் தளர்த்தி…
அங்கே செய்கிற எதையும்
இங்கே செய்யக்கூடாது.

தண்டைத் தொடாதே. தண்டு ஒன்றுதான்.
இலை போனால் இலை வரும்.
கன்றை இரண்டு விரலிடையில் விட்டுக் குவளையைக் கவிழ்,
அடியில் மெல்ல இரண்டு தட்டு.
வரவில்லையா, இழுக்காதே.
கத்தரியை எடு, குவளையை வெட்டு.
குவளை பத்துக் காசு.

பெரிய தொட்டியில்
காலிக் குவளையை முதலில் வைத்துச்
சுற்றி மண் நிரப்பி உருவினால்
அளவெடுத்த குழி.
இடம் மாறியது கன்றுக்குத் தெரியாது.
(தெரியும். காட்டிக்கொள்ளாது.)

நாலு முடிந்தது.
ஐந்தாவது உள்ளங்கையில்,
குவளையின் வடிவம் கலையாமல்
வெள்ளை வேர் பின்னிக் கிடக்கையில்
மின்தூக்கி திறந்தது.
இரண்டு நீலச் சட்டை.

புகார் வந்திருக்கிறதாம்.
எந்த வீடென்று சொல்லவில்லை, சொல்ல மாட்டார்கள்.
சார்ஜன்ட் கோ. கார்ப்பரல் ஹாஸிக்.
இருவர் கண்ணும்
இலையின் விரல்களை எண்ணின.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
அந்த இன்னொரு இலையை
இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் தெரியும்,
பள்ளிச் சுவரொட்டியில்
குறுக்கே சிவப்புக் கோட்டோடு.

எழுந்திருக்கச் சொன்னார்.
முடியாது என்றேன்.
நாற்பத்தாறு வயதில்
போலீசிடம் நான் சொன்ன முதல் முடியாது.
"வேர் வெளியில் இருக்கிறது. ஒரு நிமிஷம்."

சார்ஜன்ட் படம் எடுத்து எங்கோ அனுப்பினார்.
இடக்கையால் ஓர் இலை கிள்ளி
அவர்கள் பார்க்கவே மென்றேன்.
புளிப்பில் ஒரு கண் தானாக மூடியது.
அந்த நடுக்கத்தில்தான்
மண் பிளந்து
ஒரு வேர் அறுந்த சத்தம் கேட்டது.
கேட்டது என்றால்,
விரலுக்குக் கேட்டது.

ஹாஸிக் குந்தினான்.
என் தங்கை மகன் வயதிருக்கும்.
ஒன்றும் பேசாமல் தொட்டியைச் சாய்த்துப் பிடித்தான்,
நான் இறக்கினேன்.
அவன் மண்ணை அழுத்தப் போனான்.
"அழுத்தாதே" என்றேன். கையை எடுத்துக்கொண்டான்.

பதினேழு நிமிஷத்தில் பதில் வந்தது.
குறிப்பேட்டில் பெயர் எழுதவேண்டுமாம்.
பு, ளி, ச், சை.
சார்ஜன்ட் எழுதியது வேறு ஏதோ கீரை.

இரண்டு நாள் நிழலில் வைத்தேன்.
ஆறு கன்று தலை நிமிர்ந்தே நின்றன.
ஐந்தாவது
கால் நனைத்த துணிபோல் தொங்கியது.
வேலைக்குப் போகும்முன் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன்.
வியாழன் இரவு, ஒரு பக்கமாய், கொஞ்சம் நிமிர்ந்தது.

ஐந்து வாரம் கழித்துப்
பூண்டும் வரமிளகாயும் வைத்துக் கடைந்து
இந்த மாடியின் ஆறு கதவுக்கும்
ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தேன்.
ஐந்து கிண்ணம் கழுவித் திரும்பின,
ஒன்றில் வாழைப்பழம் வைத்து.
ஆறாவது இன்னும் வரவில்லை.
அது ஒன்றும் சாட்சியம் இல்லை.

ஐந்தாவதில் மட்டும் நான் கீரை பறிக்கவில்லை.
சாய்ந்தபடி வளர்கிறது.
பூக்கட்டும்.