ஐந்து நிமிடத்தில் மூன்று மில்லிமீட்டர்

அழவில்லை என்று
தினமும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

புந்தா அரேனாஸ் துறையில்
படகேறும் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிப்பவள் நான்.
நீரிணைக் காற்று சட்டைப் பொத்தானையும் திருடும்.
அது முகத்தில் அறைந்ததும்
பொலபொலவென்று கொட்டுகிறது.
ஆட்டு லாரிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி
"எவன் அவன், பேரைச் சொல்" என்றார்.
போன வாரம் ஒரு கன்னியாஸ்திரீ
என் உள்ளங்கையில் மிட்டாய் வைத்து
விரல்களை மூடிவிட்டுப் போனார்.

இது வெறும் தண்ணீர்.
எண்ணெய்ப் பசை இல்லாத தண்ணீர்
கண்ணில் தங்காது, கன்னத்துக்கு ஓடிவிடும்.
உள்ளே காய்ந்துதான் கிடக்கிறது.
கண்ணை இமை காப்பது போல, என்பார்கள்.
என் இமை உப்புத்தாள்.
சிமிட்டும்தோறும் ஒரு இழைப்பு.
ஒரு திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தேன்,
நானூறைத் தொடுவதற்குள்
படகு கிளம்பிவிட்டது.

முதல் வைத்தியர் கணினியைக் குறைக்கச் சொன்னார்.
என்னிடம் கணினி இல்லை.
இரண்டாமவர் தூக்கத்தைக் கூட்டச் சொன்னார்.
மூன்றாமவர், வயதைக் கேட்டுவிட்டு,
தலையை மட்டும் ஆட்டினார்.
நாத்தனார் சாமந்தித் தேநீர்ப் பையை
இமைமேல் வைத்துவிட்டாள்,
இரண்டு நாள் மஞ்சளாய்த் திரிந்தேன்.
அலமாரியில் பதினொரு சொட்டு மருந்துப் புட்டிகள்,
எல்லாம் பாதி.
தாவோரின் பழைய காலுறையில் அரிசி நிரப்பி
அடுப்பில் சூடாக்கிக் கண்ணில் ஒத்துவேன்.
பத்து நிமிடம் சுகம்.
பிறகு வீடு முழுக்கச் சோறு வாசம்,
எல்லோருக்கும் பசிக்கும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வருகிறவர்
டாக்டர் ஒயார்சே.
கீழிமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் சொருகி
கடிகாரம் பார்த்தார்.
ஐந்து நிமிடம்.
ஈரம் ஏறியது மூன்று மில்லிமீட்டர்.
"ரொம்பக் குறைவு" என்றார்.
எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.
ஏழு வருடமாக, மிகைப்படுத்துகிறாள் என்ற சொல்.
இப்போது அதற்கு எதிரே ஒரு எண்.
கீற்றைக் கேட்டு வாங்கி
பணப்பையில், மகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

கண்ணீர்த் துளையை அடைக்க எள்ளளவு மூடிகள் வைத்தார்கள்.
இடது பக்கத்து மூடி
ஒரு தும்மலில் மகெல்லன் நீரிணைக்குப் போனது.

அப்புறம் என் ரத்தத்தை எடுத்தார்கள்.
சிவப்பைப் பிரித்துவிட்டு
மிச்சமிருந்த வெளிர்மஞ்சளை
நாற்பது குப்பிகளில் அடைத்தார்கள்.
பனிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பறந்து வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் ஐஸ்கிரீமா என்று கேட்டார்.
நண்டுக்கும் பட்டாணிக்கும் நடுவே
உறைபெட்டியில் இப்போது நானும் கொஞ்சம்.

ஜூலைப் புயலில் மின்சாரம் போயிற்று.
நள்ளிரவு. குப்பிகள் வியர்க்கத் தொடங்கின.
தாவோர் ஒன்றும் பேசவில்லை.
நாற்பதில் மீந்த இருபத்தாறையும் வாளியில் போட்டு
வாசல் பனியில் கழுத்தளவு புதைத்து,
பக்கத்துவீட்டு நாய் மோந்து பார்க்காதிருக்க
முக்காலி போட்டு உட்கார்ந்தார், விடியும் வரை.
சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
சிமிட்ட மறந்து பார்த்ததில் கண் எரிந்தது.
அந்த எரிச்சலைப் பற்றி
எந்த வைத்தியரிடமும் சொல்லவில்லை.

குணம் என்று சொல்ல மாட்டேன்.
காலையில் இமையைப் பிரிக்க இன்னும் விரல் வேண்டும்.
ஆனால் சொட்டுவிட்ட ஒரு மணி நேரம்
எதிர்க்கரை விளக்குகள்
ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாய் நிற்கின்றன.
எண்ணலாம். எண்ணினேன்.

மறுபடி கீற்று, மறுபடி ஐந்து நிமிடம்.
ஐந்து மில்லிமீட்டர்.

இன்று ஆட்டு லாரிக்காரர் கண்ணாடியை இறக்கினார்.
"என்ன, அவன் திரும்பி வந்துவிட்டானா?"
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
இரண்டு மில்லிமீட்டர் வந்திருக்கிறான், என்றேன்.